நவோதயாவில் சேர்த்தால் மகளின் நாட்டியம் என்னவாகும்? உறைவிடப் பள்ளியில் படிப்புக்கு வெளியே உள்ள நேரம் குறித்து ஒரு கேள்வி

கோட்டுச்சேரி வாசகி:

அனைவருக்கும் வணக்கம். காரைக்கால் மாவட்டத்தில் ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்காக, மத்திய அரசின் உறைவிடப் பள்ளியான ஜவஹர் நவோதயா வித்யாலயாவின் ஆறாம் வகுப்பு நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பித்திருக்கிறோம். மனத்திறன், கணக்கு, மொழி என்ற மூன்று பகுதிகளில் 80 கேள்விகள், இரண்டு மணி நேரம். தமிழிலேயே எழுதலாம் என்பதால் தேர்வைப் பற்றி எனக்குப் பெரிய அச்சம் இல்லை. இடம் கிடைத்த பிறகு என்ன என்பதுதான் என் கவலை.

அவள் சில ஆண்டுகளாகப் பரதநாட்டியம் கற்று வருகிறாள். ஓடி விளையாடுவதில் கூச்சம் உண்டு. கூட்டத்தில் பின்வரிசையில் நிற்கும் இயல்பு. ஏழு ஆண்டுகள் விடுதியில் இருக்கப்போகும் பிள்ளைக்குப் பாடத்தைத் தவிர வேறு என்னென்ன கிடைக்கும்? விளையாட்டும் கலையும் உண்மையிலேயே அன்றாடம் நடக்கின்றனவா, அல்லது ஆண்டு விழா மேடையோடு முடிந்துவிடுமா? “பத்து வயதுப் பிள்ளையை எதற்காக விடுதியில் விடவேண்டும்?” என்று என் மாமியார் கேட்கிறார். அவருக்குச் சொல்ல எனக்கு முதலில் விடை தெரியவேண்டும்.

முன்னாள் நவோதயா மாணவன்:

சகோதரி, நானும் ஒரு நவோதயாவில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவன். உங்கள் மகளின் பரதநாட்டியம் இப்போது நடப்பதைப் போல அங்கே தொடராது. இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. நவோதயாக்களில் ஓவிய ஆசிரியர், இசை ஆசிரியர், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே உடற்கல்வி ஆசிரியர்கள், நூலகர் ஆகியோருக்குப் பணியிடங்கள் உண்டு. நாட்டியத்துக்கு அப்படி நிலையான பணியிடம் இல்லை. ஆகவே அடவும் ஜதியும் ஒரு குருவின் முன்னிலையில் படிப்படியாக வளர்வதை அங்கே எதிர்பார்க்க முடியாது.

ஆனால் பின்வரிசையில் நிற்கும் பிள்ளை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பிள்ளைக்கு அங்கே நடப்பது முக்கியமானது. எல்லா நவோதயாக்களிலும் மாணவர்கள் ஆரவல்லி, நீலகிரி, சிவாலிக், உதயகிரி என்ற நான்கு ஹவுஸ்களில், அதாவது மாணவர் குழுக்களில், ஒன்றைச் சேர்ந்தவர்கள். காலை வழிபாட்டுக் கூட்டத்தை நடத்துவது, செய்தி வாசிப்பது, பேச்சு, வினாடி வினா, சுவர்ப் பத்திரிகை, குழுநடனம் என எல்லாவற்றிலும் ஹவுஸுக்குத்தான் புள்ளி. ஒரு வகுப்பில் இருப்பவர்களே ஏறத்தாழ 80 பேர். அவர்களையும் நான்காகப் பிரித்துவிட்டால், ஒரு போட்டிக்குப் பெயர் கொடுக்க ஆள் தேடும்போது கூச்சப்படும் பிள்ளையையும் மூத்த மாணவிகள் கைப்பிடித்து இழுத்து வந்துவிடுவார்கள். வாய்திறவாதிருந்த எத்தனையோ பேர் எட்டாம் வகுப்புக்குள் மேடையில் ஒலிவாங்கியைப் பிடித்துப் பேசியதை நான் கண்டிருக்கிறேன். விடியற்காலை உடற்பயிற்சியும் மாலை விளையாட்டும் அன்றாட நடைமுறை. அவற்றுக்குப் பிறகுதான் இரவுப் படிப்பு.

மேலும் ஒன்று சொல்லவேண்டும். ஒன்பதாம் வகுப்பில் 30 விழுக்காட்டு மாணவர்கள் ஓராண்டுக்கு வேற்று மொழிப் பகுதியிலுள்ள நவோதயாவுக்கு அனுப்பப்படுகிறார்கள். வழக்கில் ‘மைக்ரேஷன்’ என்போம். ரொட்டியும் பருப்புமாக உண்டு, குளிரில் எழுந்து, மொழி தெரியாத அறைத்தோழர்களோடு வாழ்ந்து திரும்பும் அந்த ஓராண்டு, என் பார்வையில் எந்தப் பயிற்சி வகுப்பைவிடவும் பெரிய கல்வி.

உறைவிடப் பள்ளி ஆசிரியை:

அம்மா, நான் நவோதயாவில் பணியாற்றியவள் அல்லள். கட்டணம் வாங்கும் தனியார் உறைவிடப் பள்ளி ஒன்றில் நெடுங்காலம் கற்பித்தவள். அங்கே நீச்சல் குளமும் குதிரைப் பயிற்சியும் இருந்தன. ஆனால் ஒன்பதாம் வகுப்பின் பாதியிலேயே மாலை விளையாட்டு நேரத்தைச் சிறப்பு வகுப்புகள் தின்றுவிட்டன. தேர்வு நெருங்கும்போது எதை முதலில் வெட்டுகிறார்கள் என்பதில்தான் ஒரு பள்ளியின் கல்விக் கொள்கை வெளிப்படுகிறது என்பது என் உறுதியான கருத்து. பாடத்துக்கும் பாடம்சாராச் செயல்பாடுகளுக்கும் இடையே கறாரான பிரிவினை கூடாது என்று 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை கூறுகிறது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்கள் தச்சர், தோட்டக்காரர், குயவர் போன்ற உள்ளூர்க் கைவினைஞர்களிடம் கற்பதற்காகப் புத்தகப் பையில்லாத பத்து நாள்களையும் பரிந்துரைக்கிறது. தாளில் உள்ள இவையெல்லாம் கால அட்டவணையில் இடம்பெற்றிருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும்.

எனவே பள்ளிக்குச் செல்லும்போது ஆறாம் வகுப்பின் அட்டவணையோடு பத்தாம் வகுப்பின் அட்டவணையையும் கேட்டுப் பாருங்கள். பள்ளி அணியில் இடம்பெறாத பிள்ளை மாலையில் என்ன செய்யும் என்றும் கேளுங்கள். பந்தும் மட்டையும் அணியினருக்கு மட்டும் என்றால், உங்கள் மகளைப் போன்றவர்கள் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள்.

போட்டியே இல்லாத நேரமும் பிள்ளைகளுக்குத் தேவை. ஆந்திரத்தின் மதனப்பள்ளிக்கு அருகே, தத்துவச் சிந்தனையாளர் ஜே. கிருஷ்ணமூர்த்தி நிறுவிய ரிஷிவேலி பள்ளியில் ‘அஸ்தாசல்’ என்றொரு வழக்கம் உண்டு. மாலையில் பிள்ளைகள் ஒன்றாக அமர்ந்து, கதிரவன் மறைவதைப் பேசாமல் பார்த்திருப்பார்கள். பரிசோ சான்றிதழோ இல்லாத அந்த நேரத்துக்கும் ஒரு பள்ளி அட்டவணையில் இடம் கொடுத்திருப்பதை நான் மிகவும் மதிக்கிறேன்.

கோட்டுச்சேரி வாசகி:

இருவருக்கும் மிக்க நன்றி. ஐயா, மைக்ரேஷன் என்பதைப் படித்ததும் மாமியார் இன்னும் கலங்கிவிட்டார். அந்த ஓராண்டில் அவளுக்குத் தமிழே இல்லாமல் போய்விடுமா? நாட்டியத்தை முற்றிலும் விடாமலிருக்க ஏதேனும் வழி உண்டா?

முன்னாள் நவோதயா மாணவன்:

தமிழ் விட்டுப்போகாது, சகோதரி. இந்தி பேசும் மாவட்டங்களிலுள்ள நவோதயாக்களில், இடம்பெயர்ந்து வரும் மாணவர்களின் மொழியே மூன்றாம் மொழியாகக் கற்பிக்கப்படுகிறது. வடக்கே ஒரு பிள்ளை தமிழ் எழுத்தைத் தட்டுத் தடுமாறி எழுதும்போது, அதைத் திருத்திக் கொடுப்பவளாக உங்கள் மகளே இருக்கக்கூடும். அம்மையார் கலங்குவது இயல்புதான். ஆனால் அது ஒன்பதாம் வகுப்பில், பதினான்கு வயதில் வருவது என்று எடுத்துச் சொல்லுங்கள்.

நாட்டியத்துக்கு, கோடை விடுமுறையில் பழைய குருவிடமே வகுப்பைத் தொடர ஏற்பாடு செய்யுங்கள். ஆறாம் வகுப்பில் சேர்க்கும் நாளிலேயே ஹவுஸ் பொறுப்பாசிரியையைச் சந்தித்து, அவள் நாட்டியம் கற்றவள் என்று சொல்லிவைத்தால், ஹவுஸ் நிகழ்ச்சிகளுக்கு அவளை அழைப்பார்கள். பெட்டியில் பயிற்சிப் புடவையை வைத்து அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் துணி துவைத்து முடித்த பிறகு, பயிற்சி செய்ய நேரம் கிடைக்கும்.