உப்புத் தண்ணீருக்குச் சொட்டுநீரா, வட்டப் பாத்தியா?

செம்மண்: பல்லடம் பக்கம், வீட்டைச் சுற்றி மூணு சென்ட் செம்மண். தென்னை 2, எலுமிச்சை 1, சப்போட்டா 1, மல்லிகை நாலு செடி. போர் தண்ணீர், டிடிஎஸ் (லிட்டரில் கரைந்திருக்கும் உப்பு, மில்லிகிராமில்) 1800. மாடித் தொட்டி 1000 லிட்டர், அதன் அடிப்பகுதி தரையிலிருந்து 12 அடி. இப்போது ஓஸ் பிடித்துத்தான் ஊற்றுகிறோம். சொட்டுநீர் போட்டால் தேறுமா?

குழாய்க்காரர்: தாராளமாகப் போடலாம். தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் பால் வால்வு (உள்ளே உருண்டை திரும்பித் திறந்து மூடுவது), அடுத்து ஒரு இஞ்ச் டிஸ்க் ஃபில்டர், அங்கிருந்து 32 மி.மீ. பிவிசி, செடிகளுக்கு 16 மி.மீ. லேட்டரல் (கிளைக் குழாய்), கடைசியில் எண்ட் கேப் (மூடி). லேட்டரல் கறுப்பாகவே இருக்கட்டும், வெளிச்சம் புகுந்தால் உள்ளே பாசி பிடிக்கும். தென்னைக்கு மணிக்கு 8 லிட்டர் விடும் டிரிப்பர் (தண்ணீர் சொட்டும் முனை) நாலு, மரத்திலிருந்து மூணு அடி தள்ளி நாலு பக்கமும். எலுமிச்சை, சப்போட்டாவுக்கு ரெண்டு ரெண்டு. மல்லிகைக்கு 4 லிட்டரில் ஒண்ணு. தினமும் ரெண்டு மணி நேரம் திறந்தால் தென்னை ஒன்றுக்கு 64 லிட்டர், கோடைக்குப் போதும்.

மண்வெட்டி: 64 வராதுங்க. டிரிப்பரில் போட்டிருக்கும் 8 லிட்டர், ஒரு கிலோ அழுத்தத்துக்கான கணக்கு. அதற்குத் தண்ணீர் 10 மீட்டர் உயரத்தில் நிற்கணும். இவர் தொட்டி 3.6 மீட்டர், அதாவது 0.36 கிலோ. சொட்டும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது, 8 லிட்டர் 4.8 ஆகிவிடும். ஃபில்டரில் போகும் அழுத்தம் தனி. கடையில் பிசி டிரிப்பரை (அழுத்தம் ஏறி இறங்கினாலும் ஒரே அளவு விடும் வகை) தலையில் கட்டினால் இன்னும் மோசம், இந்த அழுத்தத்தில் அது ஒழுங்காக வேலை செய்யாது.

இதெல்லாம் சரி செய்துவிடலாம். உப்பை என்ன செய்வீங்க? 1800 டிடிஎஸ் என்றால் ஒரு தொட்டித் தண்ணீரில் 1.8 கிலோ உப்பு. சொட்டுநீரில் அது ஈரத்தின் விளிம்புக்கு ஒதுங்கி, மண்மேல் வெள்ளையாகப் பூக்கும். அப்போது ஒரு சின்ன மழை பெய்தால் ஒதுங்கினதெல்லாம் வேருக்கே திரும்பும். தென்னையும் சப்போட்டாவும் தாங்கும், எலுமிச்சை தாங்காது. இலை நுனி கருக ஆரம்பிக்கும். ஆறடி ஆரத்தில் வட்டப் பாத்தி கட்டி, தென்னைக்கு ஆறு நாளுக்கு ஒருமுறை 400 லிட்டர் விடுங்க. உப்பு கீழே இறங்கிவிடும்.

குழாய்க்காரர்: அழுத்தம் குறைந்தால் நேரத்தைக் கூட்டினால் ஆச்சு, 3 மணி 20 நிமிடம். சந்தேகம் இருந்தால் டிரிப்பருக்கு அடியில் டம்ளர் வையுங்க, நிமிடத்துக்கு 80 மில்லி விழணும்.

உங்க உப்புக் கணக்குக்கு வருவோம். ஆறு நாளுக்கு 400 லிட்டர், நான் சொன்னது ஆறு நாளுக்கு 384. ரெண்டும் ஒரே தண்ணீர், ஒரே உப்பு. மரம் குடித்தது போக மிஞ்சுகிற தண்ணீர்தான் உப்பைக் கீழே கொண்டுபோகும். உங்க பாத்தியில் அந்த மிச்சம் எங்கே? தவிர, அஞ்சாம் நாள் ஆறாம் நாள் மண் காயக் காய வேரைச் சுற்றி உப்பின் செறிவு ஏறும். சொட்டில் மண் எப்போதும் ஈரமாக இருப்பதால் அது நீர்த்தே இருக்கும். சின்ன மழைக்கும் வழி இருக்கு. மழை விழும்போது வால்வைத் திறந்தே வையுங்க, விளிம்பு உப்பு உள்ளே வராது.

மாடித்தோட்டம்: மழையில் தோட்டத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டால் தெருவே வந்து வேடிக்கை பார்க்கும் :) நேரம் வைத்துத் தானாகத் திறந்து மூடும் டைமர் வாங்குவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. சோலினாய்டு வால்வு (மின்காந்தத்தால் திறப்பது) வைத்தது இந்த அழுத்தத்தில் மக்கர் பண்ணும், பால் வால்வு டைமராகக் கேட்டு வாங்குங்க. கோடையில் அணில் லேட்டரலைக் கடிக்கும். பக்கத்தில் ஒரு சட்டியில் தண்ணீர் வைத்தால் பெரும்பாலும் குறையும்.

மண்வெட்டி: மிச்சம் கேட்டீங்க. மாதம் ஒருமுறை அளவை இரட்டிப்பாக்கினால் மிச்சம் வந்துவிடும். செம்மண்ணில் வடிகால் நல்லா இருக்கும், அதனால் இது பலிக்கும். களிமண்ணுக்கு இதைச் சொல்ல மாட்டேன்.

அதைவிடப் பெரிய விஷயம் மொட்டைமாடி மழை. 1000 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல், உப்பே இல்லாத தண்ணீர். மழைக் குழாயைப் பாத்திக்குத் திருப்பிவிட்டால் வடகிழக்குப் பருவமழையிலேயே மண் கழுவப்பட்டுவிடும். பாத்தி இல்லாத இடத்தில் அந்தத் தண்ணீர் சாக்கடைக்குத்தான் போகும்.

டிரிப்பர் அடைப்பையும் சொல்லணும். கரைந்திருக்கும் சுண்ணாம்பு எந்த ஃபில்டரிலும் நிற்காது, டிரிப்பர் வாயில் காய்ந்துதான் கல்லாகும். அடைத்தது தெரியவருவது செடி வாடின பிறகு. ஓஸ் பிடிப்பவர் ஒவ்வொரு செடியையும் பார்த்துக்கொண்டேதான் ஊற்றுகிறார்.

குழாய்க்காரர்: அதற்குத்தான் கழற்றித் திருகும் டிரிப்பர் வாங்கணும். லிட்டருக்கு ரெண்டு ஸ்பூன் சிட்ரிக் ஆசிட் கரைத்து இரவு முழுக்க ஊறப்போட்டால் சுண்ணாம்பு கரையும். வாரம் ஒருமுறை எண்ட் கேப்பைத் திறந்து கலங்கல் போகும்வரை ஓடவிடுங்க. பாத்ரூம் ஆசிடை இதற்கு எடுக்காதீங்க. பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், உயிருக்கே ஆபத்து.

மழைக் குழாய் யோசனை நல்லது. லேட்டரல் போட்ட இடத்தில் பாத்தி கட்டக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே.

செம்மண்: அப்போ தென்னைக்கும் சப்போட்டாவுக்கும் பாத்தி, மல்லிகைக்குச் சொட்டு. தென்னைக்கு மூடாக்கு (ஈரம் காயாமல் மண்ணை மூடுவது) எப்படி? எலுமிச்சைக்கு எது? ஆர்ஓ மெஷின் கழிவு நீரை அதற்கு விடலாமா?

மண்வெட்டி: ஆர்ஓ கழிவு போரைவிட உப்பு, அதுவும் எலுமிச்சைக்கு வேண்டவே வேண்டாம். மூடாக்குக்குத் தேங்காய் மட்டை, மரத்துக்கு நூறு, முதுகு மேலே பார்க்கிற மாதிரி பரப்புங்க. மாடி மழைக் குழாயில் முதல் பங்கு எலுமிச்சைப் பாத்திக்கு.

குழாய்க்காரர்: மழை சரி. மாசியிலிருந்து வைகாசி வரை? எலுமிச்சையை நாலஞ்சு நாள் காயவிட்டால் பூ கொட்டும். அதற்குச் சொட்டுதான்.

மண்வெட்டி: காயவிடச் சொல்லலை. எலுமிச்சைப் பாத்திக்கு மூணு நாளுக்கு ஒருமுறை ஓஸ். முதலில் ஒரு 10 லிட்டர் பக்கெட் நிறைய எத்தனை விநாடி ஆகுதுன்னு பாருங்க, அளவு அதிலிருந்து வரும்.