பினாங்கில் என் பாதி ஓய்வு: 2,200 வெள்ளி வாடகை, 1,700 வெள்ளி சம்பளம்

எனக்கு வயது 58. சிங்கப்பூரில் 22 வருடம் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டிவிட்டு 2019இல் மலேசியாவின் பினாங்குத் தீவுக்கு வந்தேன். முழு ஓய்வு என்று சொல்ல முடியாது. வாரத்தில் 2 நாள் பழைய கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கணக்குப் பார்க்கிறேன். வருவது சிங்கப்பூர் டாலர், செலவழிப்பது மலேசிய வெள்ளி (ரிங்கிட்). ஒரு டாலருக்கு 3 வெள்ளிக்கு மேல் கிடைக்கும். என் சொகுசுக்கு வேறு ரகசியம் எதுவும் இல்லை.

தஞ்சோங் தோக்கோங்கில் கடல் தெரிகிற வீடு, வாடகை 2,200 வெள்ளி. காலையில் நடை, அப்புறம் 101ஆம் நம்பர் பஸ்ஸில் ஜார்ஜ் டவுன், மதியம் ஒரு நாசி கண்டார் கடை. (கண்டார் என்றால் தோளில் சுமக்கிற கம்பு. நம் ஊர்த் தமிழ் முஸ்லிம்கள் ஒரு பக்கம் சோறும் ஒரு பக்கம் குழம்புமாகத் தோளில் சுமந்து விற்றதில் வந்த பெயர்.) அங்கே குழம்பு ஊற்றுகிற தம்பி, நான் கேட்காமலே நாலு குழம்பையும் கலந்து 'பஞ்சீர்' ஊற்றுவார். பஞ்சீர் என்றால் வெள்ளம். சோறு மிதக்கும்.

ஒரு நாள், "சார், நீங்க மதுரைப் பக்கமா?" என்றார். நான் மானாமதுரை, அவர் முதுகுளத்தூர் பக்கம். பேச்சு அப்படித்தான் ஆரம்பித்தது. மலேசியாவில் 2025இலிருந்து குறைந்தபட்ச சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அவருக்கும் அதுதான். நம் பணத்தில் அப்போது சுமார் 34,000 ரூபாய். என் வீட்டு வாடகையே அதைவிட 500 வெள்ளி அதிகம் என்பது அன்று ராத்திரிதான் உறைத்தது.

அதற்கு நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். போன தீபாவளிக்கு, கடையில் எல்லார் முன்னாலும் 200 வெள்ளியை அவர் கையில் திணித்தேன். அவர் முகம் செத்துப் போய்விட்டது. கல்லாப் பக்கம் திரும்பிப் பார்த்தார். நாலு நாள் என் மேசைப் பக்கமே வரவில்லை. "கஸ்டமர்கிட்ட என்னடா அழுது வச்சே?" என்று முதலாளி பிடித்துக்கொண்டாராம். ஒரே அறையில் ஆறு பேர் தங்கியிருக்கிறார்கள், பங்கு வைக்காமல் இருக்க முடியுமா? "எனக்கு 33 வெள்ளி வந்துச்சு சார்" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார், எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

அப்புறம் அவரே ஒரு உதவி கேட்டார். போனில் வேலை ஒப்பந்தத்தின் படம் வைத்திருந்தார். ஆங்கிலமும் மலாயும். "இதுல எத்தனை மணி நேரம்னு போட்டிருக்கு சார்?" 8 மணி நேரம், வாரம் ஒரு நாள் லீவு என்று இருந்தது. அவர் பார்ப்பது 12 மணி நேரம், லீவு மாதத்துக்கு ஒன்று. மலேசியச் சட்டத்தில் 2023 ஜனவரியிலிருந்து ஓவர்டைம் சேர்க்காமல் வாரத்துக்கு 45 மணி நேரம்தான் உச்சவரம்பு. தொழிலாளியின் பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைப்பதும் குற்றம். நான் படபடவென்று இதையெல்லாம் சொல்லி, புகார் எழுதித் தரவா என்றேன். அவர் போனைச் சட்டைப் பையில் போட்டார்.

"பெர்மிட் முதலாளி பேர்ல இருக்கு சார். நீங்க எழுதிக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிருவீங்க. நான் முதுகுளத்தூருக்குல்ல போகணும்."

யோசித்துப் பாருங்கள், இரண்டு பேரும் இந்த நாட்டுக்கு வெளியாட்கள்தான். 50 வயது தாண்டிய நான் அப்போதைய விதிப்படி 1,50,000 வெள்ளியை டெபாசிட் போட்டு, மாதம் 10,000 வெள்ளி வருமானம் காட்டினேன். மனைவியோடு 10 வருடம் இருக்க முத்திரை குத்திக் கொடுத்தார்கள். அவருக்கு வருடா வருடம் பெர்மிட் புதுப்பிக்க வேண்டும், மருத்துவப் பரிசோதனை வேறு. பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிவர அனுமதியே கிடையாது.

கடைசியில் உதவியது என் தொழில்தான். ஏஜென்ட்டுக்குக் கொடுக்க 1,40,000 ரூபாய் கடன் வாங்கியிருந்தார், நூற்றுக்கு மூன்று வட்டி. மாதம் 15,000 வீதம் 14 மாதம் கட்டியும் இன்னும் 40,000 பாக்கி என்கிறார்களாம். பில் காகிதத்தின் பின்பக்கம் மாதா மாதம் எழுதிக் காட்டினேன். முதல் மாத வட்டி 4,200, அசலில் கழிவது 10,800. அப்படியே போனால் 12ஆவது மாதமே கடன் தீர்ந்திருக்க வேண்டும். எண்ணெய்க் கறையோடு அந்தக் காகிதத்தைப் படமெடுத்து மச்சானுக்கு அனுப்பினார். மச்சான் போய்ப் பேசியதில் 40,000 பாக்கி 12,000 ஆனது. அதுவும் அநியாயம்தான், ஆனால் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்.

இதே மாதிரி உங்களுக்கும் நடந்திருக்கும். எழுதுங்கள்.

தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கிற பட்டர்வொர்த்திலிருந்து ஒரு சகோதரி:

அண்ணே, நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா எங்க கதையையும் கேளுங்க. நான் இங்கேயே பிறந்தவள், அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர் (பட்டையைக் கீறிப் பால் எடுக்கிற வேலை). என் மகனுக்கு வேலை தீவில், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில். தீவில் வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாது என்பதால் தினமும் 13.5 கிலோமீட்டர் பாலத்தில் மோட்டார் சைக்கிளில் போய் வருகிறான். மழை நாளில் அவன் வீடு வந்து சேரும் வரை நான் வாசலில்தான் நிற்பேன். உங்களுக்கு மலிவாகத் தெரிகிற 2,200 வெள்ளிதான் அவனைத் தீவுக்கு வெளியே நிறுத்தியது. கடல் தெரிகிற வீடெல்லாம் வெளிநாட்டுக் காசு வைத்திருப்பவர்களுக்கு என்றாகிவிட்டது. உங்கள் மேல் கோபமில்லை, கணக்குப் பார்க்கிறவர் என்பதால் இதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன்.

சியாங் மாயிலிருந்து:

நான் தாய்லாந்தில் ஓய்வு விசாவில் இருப்பவன். வங்கியில் 8 லட்சம் பாட் காட்ட வேண்டும். எங்கள் வீட்டுக்கு வாரம் ஒரு முறை துணி தேய்க்க வரும் அம்மாவுக்கு வயது 66. அரசு தரும் முதியோர் உதவித்தொகை மாதம் 600 பாட். போன வாரம் நானும் மனைவியும் காபிக்கும் கேக்குக்கும் கொடுத்தது 580. பில்லை ஏன் பத்திரப்படுத்தினேன் என்று தெரியவில்லை, இன்னும் பர்ஸில் இருக்கிறது.

முதலில் எழுதியவர்:

பட்டர்வொர்த் சகோதரிக்கு: நீங்கள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தப் பக்கத்தை நான் யோசித்ததே இல்லை.

நாசி கண்டார் கடைத் தம்பியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2 வருடம் கழித்து அடுத்த மாதம் லீவில் ஊருக்குப் போகிறார். முந்தாநாள்தான் பாஸ்போர்ட் அவர் கைக்கு வந்ததாம். ராத்திரி 12 மணிக்கு அதைப் படமெடுத்து எனக்கு அனுப்பியிருந்தார்.