கண்ணுக்கு தெரியாத ஹைட்ரஜன எப்படி எடை போட்டாங்க?

தண்டையார்பேட்டை_தம்பி:
தல ஒரு டவுட். ஜே1148+5251னு ஒரு குவாசர் (நடுவுல ராட்சச கருந்துளை இருக்குற, ரொம்ப பிரகாசமான தூரத்து கேலக்ஸி), ரெட்ஷிஃப்ட் (பிரபஞ்சம் விரியுறதுல அலை நீளுற அளவு, பெருசானா அவ்ளோ தூரம், அவ்ளோ பழசு) 6.42, அதுல ஏறக்குறைய 2000 கோடி சூரியன் எடைக்கு மூலக்கூறு ஹைட்ரஜன் இருக்குன்னு 2003லயே சொல்லிட்டாங்க. ஆனா குளிர்ந்த ஹைட்ரஜன் மூலக்கூறு சிக்னலே விடாதாமே? அப்புறம் எப்படி எடை போட்டாங்க? புனே பக்கத்துல நம்ம ஜிஎம்ஆர்டி ரேடியோ டெலஸ்கோப் இருக்கே, அதுல ஏன் பாக்கல?

காசிமேடு_கார்பன்:
ஹைட்ரஜன எங்க பாத்தாங்க, கூட இருக்குற கார்பன் மோனாக்சைடத்தான் பாத்தாங்க. ஹைட்ரஜன் மூலக்கூறுல ரெண்டு பக்கமும் ஒரே அணு, டைபோல் (ஒரு பக்கம் பிளஸ், ஒரு பக்கம் மைனஸ்) கெடையாது, மொத கோடு (அதுக்குன்னே உள்ள அலைவரிசைல வர்ற சிக்னல்) வரவே 510 கெல்வின் அளவு எனர்ஜி வேணும், மேகமோ சில பத்து கெல்வின்ல கெடக்கு. சிஓவுக்கு (அதான் கார்பன் மோனாக்சைடு) 5.5 கெல்வின் போதும், ஹைட்ரஜன் வந்து இடிச்சாலே சுத்த ஆரம்பிச்சிடும், 115.27 கிகாஹெர்ட்ஸ், அப்புறம் அதோட மடங்குல வரிசையா கோடு விடும். கடல்ல பறவை வட்டமடிக்கிற எடத்துல வலை போடுறாங்கல்ல, அதான் இதுவும். இந்த குவாசர்ல 345.8ல கெளம்புன மூணாவது கோடு, ரெட்ஷிஃப்டோட ஒண்ணு கூட்டுன 7.42ஆல வகுபட்டு 46.6ல வந்து சேந்துச்சு, அமெரிக்காவுல விஎல்ஏ ரேடியோ டெலஸ்கோப் புடிச்சுது.

வியாசை_வானம்:
பறவைய எண்ணி மீன் எத்தன டன்னுன்னு சொல்ல முடியுமா? அங்கதான் மேட்டரே. சிஓ வெளிச்சத்த ஒரு எண்ணால பெருக்கித்தான் எடை வருது, நம்ம பால்வீதிக்கு 4 சொச்சம், குவாசருக்கு 0.8னு போடுவாங்க. அதனால 2000 கோடிய கண்ண மூடிட்டு நம்ப மாட்டேன். லென்சிங் (நடுவுல நிக்கிறதோட ஈர்ப்பு லென்ஸ் மாதிரி வெளிச்சத்த பெருக்குறது) வேற இருக்கு, 1991ல மொதமொதல்ல ரொம்ப தூரத்துல சிஓ கெடச்ச எஃப்10214ங்குற கேலக்ஸிக்கும் நமக்கும் நடுவுல ஒரு கேலக்ஸி நின்னு வெளிச்சத்த பெருக்கி காட்டிருக்கு, அது தெரிஞ்சப்புறம் எடை மளமளன்னு எறங்கிடுச்சு.

எண்ணூர்_ஆன்டெனா:
ஜிஎம்ஆர்டி 1450 மெகாஹெர்ட்ஸோட நின்னுடும். சிஓ மொத கோடு அவ்ளோ கீழ எறங்க ரெட்ஷிஃப்ட் 78 வேணும், அப்போ கார்பன் செய்ய நட்சத்திரத்துக்கு எங்க போறது? அணு ஹைட்ரஜனோட 21 செ.மீ. அலைக்குத்தான் அது கெத்து. சிஓ மாதிரி விடுற மில்லிமீட்டர் அலைக்கு எமன் காத்துல இருக்குற ஈரம், இங்க சாயங்காலம் கடல்காத்துல சட்டையே முதுகுல ஒட்டிக்குது, இதுக்குள்ள 250 கிகாஹெர்ட்ஸ்ல என்னத்த பாக்குறது. அதான் ஆல்மாங்குற மில்லிமீட்டர் டெலஸ்கோப்போட 66 ஆன்டெனாவையும் சிலி பாலைவனத்துல 5000 மீட்டர் ஒசரத்துல கொண்டுபோய் வச்சிருக்காங்க.

தண்டையார்பேட்டை_தம்பி:
செம. சிஓ ரொம்ப மங்கலா இருந்தா?

காசிமேடு_கார்பன்:
கார்பன் அயனியோட 158 மைக்ரான் கோடு இருக்கு, இதே குவாசர்ல 2005ல ஸ்பெயின்ல இருக்குற 30 மீட்டர் டிஷ்ல எடுத்தாங்க. ஆனா அது மூலக்கூறு மேகத்துலேர்ந்து மட்டும் வராது, வியாசை அண்ணன் அதுக்கும் சண்டைக்கு வருவாரு 😄