வெப் தொலைநோக்கிப் படங்களின் நிறங்கள் உண்மையானவையா, பூசப்பட்டவையா?

செங்காங்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். உயர்நிலை மூன்றில் படிக்கும் என் மகள், பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்காக ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியைப் பற்றிய பதாகை ஒன்றைத் தயாரித்துவருகிறாள். 2022 ஜூலையில் வெளியான கரினா நெபுலாவின் படத்தை, அதாவது செம்பழுப்பு மலைத்தொடர் போன்ற தூசிமேகத்தின் மேல் நீலவானம் விரிந்திருப்பதாகத் தோன்றும் அந்தப் படத்தை, நடுவில் பெரிதாக ஒட்டுவதென்று முடிவுசெய்திருந்தாள். அவளுடைய குழுவிலுள்ள மாணவர் ஒருவர், வெப் பதிவுசெய்வது அகச்சிவப்புக் கதிர்களைத்தான் என்றும், அகச்சிவப்புக்கு நிறமே இல்லாதபோது அந்த நீலமும் பழுப்பும் கணினியில் பூசியவையாகவே இருக்க முடியும் என்றும், ஆகவே அதை அறிவியல் கண்காட்சியில் வைப்பது முறையாகாது என்றும் வாதிட்டிருக்கிறார். கணக்காய்வு வேலை பார்க்கும் எனக்கு, மூலப்பதிவு ஒன்றாகவும் வெளியீடு வேறாகவும் இருந்தால் உடனே சந்தேகம் வந்துவிடும். அந்த நிறங்களை யார், எதன் அடிப்படையில் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இரவுவானம் எழுதியது:

அந்த மாணவர் சொன்னவற்றில் முதல் பகுதி சரி. அதிலிருந்து அவர் எட்டிய முடிவு சரியன்று.

வெப்பில் உள்ள நியர்கேம் என்னும் கேமரா, நம் கைபேசியைப் போல ஒரே சொடுக்கில் வண்ணப்படம் எடுப்பதில்லை. குறிப்பிட்ட அலைநீளங்களை மட்டும் உள்ளே விடும் வடிகட்டி ஒன்று ஒளியின் பாதையில் வைக்கப்படுகிறது. அதன் வழியாக வந்த ஒளி எந்த இடத்தில் எவ்வளவு விழுந்தது என்பது கறுப்பு வெள்ளைப் படமாகப் பதிவாகிறது. பிறகு அடுத்த வடிகட்டியில் அதே வானப்பகுதி மீண்டும் எடுக்கப்படுகிறது. நீங்கள் குறிப்பிடும் கரினா படத்துக்கு 0.9 மைக்ரானில் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தொடங்கி 4.7 மைக்ரான் வரை ஆறு வடிகட்டிகள் பயன்பட்டன. ஒவ்வொரு பதிவிலும் அறுபத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட சாம்பல் படிநிலைகள் இருக்கலாம் என்றாலும், மங்கலான தூசிமேகம் முழுவதும் அவற்றுள் மிக இருண்ட சில படிநிலைகளுக்குள் ஒடுங்கிக் கிடப்பதால், மூலப்பதிவைத் திறந்தால் கறுப்புத் திரையில் சில விண்மீன்கள் மட்டுமே தெரியும். அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரிலுள்ள விண்வெளித் தொலைநோக்கி அறிவியல் கழகத்தில் ஜோசப் டிபாஸ்குவாலே, அலிசா பகான் ஆகியோர் இந்த இருண்ட படிநிலைகளை விரித்து, ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு நிறம் கொடுத்து இணைக்கிறார்கள்.

அந்த நிறம் மனம்போனபடி கொடுக்கப்படுவதில்லை. குறுகிய அலைநீளத்துக்கு நீலம், நீண்டதற்குச் சிவப்பு, இடைப்பட்டவற்றுக்குப் பச்சையும் மஞ்சளும் என்பதே பொதுவிதி. நம் செவிக்கு எட்டாத அளவுக்குத் தாழ்ந்த சுருதியில் ஒருவர் பாடும் பாட்டை, நமக்குக் கேட்கும் கட்டைக்கு உயர்த்திப் பாடினால் சுருதிதான் மாறுமே தவிர ஸ்வரங்களின் வரிசை மாறாது அல்லவா? இங்கு நடப்பதும் ஏறத்தாழ அதுதான்.

இன்னொன்றையும் உங்கள் மகள் சொல்லலாம். அந்த ஆறு வடிகட்டிகளில் 1.87 மைக்ரானுக்குரியது அயனியாகிய ஹைட்ரஜனையும், 3.35 மைக்ரானுக்குரியது கரிமச் சேர்மங்கள் கலந்த தூசியையும், 4.7 மைக்ரானுக்குரியது மூலக்கூறு வடிவ ஹைட்ரஜனையும் தனித்துக் காட்டுபவை. கடைசியாகச் சொன்ன பதிவை ஆராய்ந்த வானியலாளர்கள், பிறந்துகொண்டிருக்கும் விண்மீன்களிலிருந்து பீய்ச்சியடிக்கும் வாயுத்தாரைகளில் அதுவரை அறியப்படாத இருபதுக்கும் மேற்பட்டவற்றை அதில் கண்டுபிடித்தார்கள். வெறும் பூச்சாக இருந்தால் அது நடந்திருக்காது.

புக்கிட்பாத்தோக் கேமரா எழுதியது:

மேலே நண்பர் சொன்ன கட்டை உவமை வெப் படங்களுக்குப் பெரும்பாலும் பொருந்தும். வெப்புக்கு முந்தைய விண்வெளித் தொலைநோக்கியான ஹப்பிளின் புகழ்பெற்ற படங்கள் சிலவற்றுக்கு அப்படியே பொருந்தாது. அங்கு ஸ்வரங்களின் வரிசை காக்கப்படுகிறது, ஆனால் அவற்றுக்கு இடைப்பட்ட தூரம் நீட்டப்படுகிறது.

1995 ஏப்ரலில் ஹப்பிள் எடுத்த கழுகு நெபுலாத் தூண்களின் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கந்தகம் வெளியிடும் 672 நானோமீட்டர் (ஆயிரம் நானோமீட்டர் ஒரு மைக்ரான்) ஒளிக்குச் சிவப்பும், ஹைட்ரஜனின் 656 நானோமீட்டர் ஒளிக்குப் பச்சையும், ஆக்சிஜனின் 501 நானோமீட்டர் ஒளிக்கு நீலமும் கொடுக்கப்பட்டன. கந்தக ஒளியும் ஹைட்ரஜன் ஒளியும் நம் கண்ணுக்கு வேறுபாடற்ற சிவப்பு. இரண்டையும் சிவப்பாகவே விட்டிருந்தால் எது எங்கே இருக்கிறது என்பதே தெரிந்திருக்காது. பிரித்துக் காட்டுவதற்காகத்தான் ஹைட்ரஜன் பச்சையாக்கப்பட்டது. ஆய்வுக்கு இது முற்றிலும் நேர்மையான முறை என்பது என் கருத்து. ஆனால் அதை அச்சிட்டுவிட்டு, விண்வெளியில் அந்தத் தூண்கள் இப்படித்தான் இருக்கின்றன என்று கீழே எழுதினால் அது தவறு.

சிங்கப்பூரில் வானப்படம் எடுப்பவர்களுக்கு இந்த முறை புதிதன்று. எதிர் புளோக்கின் தாழ்வார விளக்குகள் விடியவிடிய எரிவதால், சாதாரணக் கேமராவை வானத்தை நோக்கி வைத்தால் சில நிமிடங்களில் படம் வெளிறிப் போகும். அதனால் ஹைட்ரஜனின் அலைநீளத்தைச் சுற்றிச் சில நானோமீட்டர் அகலத்தை மட்டும் அனுமதிக்கும் குறுகிய வடிகட்டியைப் போட்டு வீட்டு மாடத்திலிருந்தே எடுக்கிறேன். ஜூலை மாத நள்ளிரவையொட்டிக் கழுகு நெபுலா இங்கு ஏறத்தாழ உச்சிக்கு வந்துவிடும். ஐந்து நிமிடப் பதிவு ஒன்றைத் தனியாகப் பார்த்தால், சாம்பல் நிறப் பரப்பில் உணரியின் பழுதான புள்ளிகள் உப்புத் தூவியதுபோல் மின்ன, நடுவில் ஒரு மெல்லிய வெளுப்புதான் தெரியும். இத்தகைய பதிவுகள் பலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பிறகே தூண்களின் விளிம்பு புலப்படும். என்னுடைய படத்திலும் ஹைட்ரஜன் பச்சைதான்.

செங்காங்வாசி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. மகளுக்கு இதை வாசித்துக் காட்டியதும் இரண்டு கேள்விகள் எழுந்தன. விண்கலம் ஒன்றில் ஏறி கரினா நெபுலாவின் அருகே சென்றால் நம் கண்ணுக்கு எந்த நிறம் தெரியும்? சிலி நாட்டில் 39 மீட்டர் கண்ணாடியுடன் மாபெரும் தொலைநோக்கி கட்டப்படுகிறதே, அது இருக்கும்போது 6.5 மீட்டர் கண்ணாடியை விண்வெளிக்கு அனுப்ப வேண்டிய தேவை என்ன?

பழைய இயற்பியல் ஆசிரியர் எழுதியது:

முதல் கேள்விக்கு விடை ஏமாற்றமளிக்கும். நெபுலாவை நெருங்க நெருங்க அது வானத்தில் அகலமாகத் தெரியுமே தவிர, அதன் பரப்பின் ஒவ்வொரு துண்டும் கூடுதல் பிரகாசம் பெறாது. மங்கலான ஒளியில் நம் விழித்திரையின் நிறமறியும் செல்கள் வேலை செய்வதில்லை. ஆகவே அருகிலிருந்து பார்த்தாலும் பெரும்பகுதி வெளிறிய சாம்பலாகவே தெரியும். ஜூரோங்கில் உள்ள அறிவியல் நிலையத்தின் தொலைநோக்கி வழியாக ஓரியன் நெபுலாவைப் பார்ப்பவர்கள் வண்ணம் எங்கே என்று கேட்பதற்கும் காரணம் இதுவே. உண்மையான நிறம் எது என்ற கேள்வி, மனிதக் கண்ணின் வரம்பை அளவுகோலாக வைத்துக் கேட்கப்படுவது. அந்த அளவுகோலை ஏற்றால் நெபுலாக்களில் பெரும்பாலானவற்றுக்கு நிறமே இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும்.

மிகத் தொலைவிலுள்ள விண்மீன் மண்டலங்களின் நிலை இன்னும் சுவையானது. வெப்பைக் கொண்டு இத்தகைய மண்டலங்களைத் தேடும் ஜேட்ஸ் ஆய்வுக்குழு 2024இல் அறிவித்த மண்டலம் ஒன்றின் ஒளி, பெருவெடிப்புக்குப் பின் 300 மில்லியன் ஆண்டுகள்கூட ஆகாத காலத்தில் கிளம்பியது. வழியில் பிரபஞ்சம் விரிந்ததால் அந்த ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 15 மடங்கு நீண்டுவிட்டது, ஹைட்ரஜனின் 121.6 நானோமீட்டர் புற ஊதாக் கோடு நம்மிடம் வரும்போது ஏறக்குறைய 1.85 மைக்ரானில், அகச்சிவப்பாக இருக்கிறது. சுருதியைத் தாழ்த்தியது பிரபஞ்சம்; பால்ட்டிமோரில் உள்ளவர்கள் அதை ஓரளவு மீட்டுக் கொடுக்கிறார்கள்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். காற்றின் நடுக்கத்தால் உருவம் கலைவதைத் தரையிலேயே திருத்துவதற்கு இப்போது நுட்பங்கள் உள்ளன. அந்த வகையில் 39 மீட்டர் கண்ணாடி வெப்பையும் விஞ்சக்கூடும். ஆனால் காற்று விழுங்கிவிட்ட ஒளியைத் திருப்பித் தர எந்தக் கண்ணாடியாலும் இயலாது. அகச்சிவப்பின் பெரும்பகுதியை நீராவியும் கரியமில வாயுவும் உறிஞ்சிவிடுகின்றன. தலைசிறந்த ஆய்வுக்கூடங்கள் வறண்ட மலையுச்சிகளைத் தேடிச் செல்வது, நம் ஊர்க் காற்றைப் போன்ற ஈரத்திலிருந்து தப்பிப்பதற்கும்தான். 2022 ஆகஸ்டில், சுமார் 700 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள வாஸ்ப்-39பி என்னும் கோளின் காற்றில் கரியமில வாயு இருப்பதை வெப் உறுதிசெய்தது. அதற்குச் சான்றாக அமைந்தது 4.3 மைக்ரானில் ஒளி குறைந்திருந்த ஒரு பட்டை. அதே 4.3 மைக்ரான் ஒளியை நம்முடைய வளிமண்டலத்திலுள்ள கரியமில வாயுவும் தடுத்துவிடுவதால், தரையிலிருந்து பார்ப்பவருக்கு அந்தப் பட்டை கிடைக்கவே கிடைக்காது.

வெப்பமும் ஒரு காரணம். சாதாரண வெப்பநிலையில் இருக்கும் தொலைநோக்கி தானே அகச்சிவப்பில் ஒளிரும். அதனால்தான் வெப் புவியிலிருந்து 1.5 மில்லியன் கிலோமீட்டர் தள்ளி, டென்னிஸ் ஆடுகளம் அளவுள்ள ஐந்தடுக்குத் திரையின் நிழலில் நிறுத்தப்பட்டிருக்கிறது. அதன் கருவிகளில் ஒன்று −266 டிகிரி செல்சியசுக்கும் கீழே குளிர்விக்கப்படுகிறது.

வாஸ்ப்-39பி கண்டுபிடிப்பில் நிறப்படமே இல்லை என்பதையும் மகள் கவனிக்க வேண்டும். ஏற்ற இறக்கமுள்ள ஒரு கோடுதான் சான்று. கண்காட்சியில் கரினா படத்துக்குப் பக்கத்தில் அந்த நிறமாலை வரைபடத்தையும் வைத்தால், குழுவிலுள்ள அந்த மாணவருக்கும் உரிய மரியாதை செய்ததாகும்.

இரவுவானம் எழுதியது:

ஆசிரியர் சொன்னதோடு ஒரு சிறு சேர்க்கை. அழகுக்காகச் செய்யப்படும் திருத்தங்கள் உண்டா என்றால், உண்டு. பிரகாசமான விண்மீனின் மையத்தில் உணரி தாங்கக்கூடிய அளவைவிட அதிக ஒளி விழுவதால், மூலப்பதிவில் அந்த மையம் கறுப்புப் பொட்டாக இருக்கும். வெளியீட்டில் அது நிரப்பப்படுகிறது. ஆனால் விண்மீன்களைச் சுற்றியுள்ள எட்டு முனைகள் யாரும் வரைந்தவையல்ல. வெப்பின் அறுகோணக் கண்ணாடித் துண்டுகளும், இரண்டாம் கண்ணாடியைத் தாங்கும் கால்களும் ஒளியைச் சிதறச் செய்வதால் ஆறு பெரிய முனைகளும் இரண்டு சிறிய முனைகளும் உண்டாகின்றன. ஹப்பிள் படத்தில் நான்குதான் இருக்கும் என்பதால், எந்தத் தொலைநோக்கி எடுத்த படம் என்பதை இதை வைத்தே சொல்லிவிடலாம்.

கணக்காய்வாளருக்கு மூலப்பதிவே வேண்டுமென்றால், அதுவும் கிடைக்கும். பால்ட்டிமோரின் மாஸ்ட் தரவுக் காப்பகத்திலிருந்து கரினாவின் ஆறு பதிவுகளையும் யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பதிவிறக்கலாம். ஃபிட்ஸ் லிபரேட்டர் என்னும் இலவச மென்பொருளில் திறந்து இருண்ட படிநிலைகளை நீங்களே விரித்துப் பார்க்கலாம். பதாகையில் வண்ணப்படத்தின் அடியில் அந்த ஆறு கறுப்பு வெள்ளைப் படங்களையும் சிறிதாக வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றின் கீழும் அலைநீளத்தையும் அதற்குக் கொடுக்கப்பட்ட நிறத்தையும் எழுதச் சொல்லுங்கள். கோப்புகள் பெரியவை, பள்ளிக் கணினியைவிட வீட்டில் இறக்குவதே எளிது.