ஊசி என்றாலே அலறும் 5 வயது மகன்

தண்டையார்பேட்டை அம்மா:
மகனுக்கு 5 வயது முடிந்தது. புதன்கிழமை டிபிடி (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், டெட்டனஸ் மூன்றுக்குமான தடுப்பூசி) இரண்டாவது பூஸ்டர் போட வேண்டும். போன வருடம் காய்ச்சலுக்குப் போன கிளினிக்கில் நான்கு பேர் அமுக்கிப் பிடித்து ஊசி போட்டார்கள். அதிலிருந்து ஸ்பிரிட் வாசனை வந்தாலே என் புடவைக்குள் ஒளிந்துகொள்கிறான். சாப்பிடாத போதெல்லாம் "டாக்டரிடம் சொல்லி ஊசி போட்டுடுவேன்" என்று நானும் மிரட்டியிருக்கிறேன். இப்போது நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. எங்கே போகிறோம் என்று சொல்லாமலே கூட்டிப்போய்விடலாமா?

ராயபுரம் சிஸ்டர்:
பொய் மட்டும் வேண்டாம்மா. 30 வருடம் ஊசி போட்டவள் சொல்கிறேன். பீச்சுக்கு என்று ஏமாற்றிக் கூட்டிவந்த பிள்ளைகள்தான் அதிகம் துடிப்பார்கள். அடுத்த தடவை அம்மா பேச்சையே நம்ப மாட்டார்கள். காலையிலேயே சொல்லிவிடுங்கள்: "கையில் சுருக்கென்று இருக்கும், அப்புறம் சரியாகிவிடும்." வலிக்கவே வலிக்காது என்று சொல்லாதீர்கள்.

படுக்க வைத்து அமுக்கினால் பயம் இரட்டிப்பாகும். இந்த வயதில் புஜத்தில்தான் போடுவோம், அதனால் உங்கள் மடியிலேயே நெஞ்சோடு அணைத்து உட்கார வைக்கலாம். போடும்போது ஊதுவதற்கு ஒரு காற்றாடி கொடுங்கள். நீளமாக ஊதினால் கை தளரும். விறைத்துக்கொண்டால்தான் வலி அதிகம்.

காசிமேடு அப்பா:
அக்கா சொல்வது உண்மை. என் மகளிடம் டானிக் ஊற்றும் சிரிஞ்சைக் கழுவிக் கொடுத்துவிட்டேன். ஒரு வாரம் பொம்மைக்கு, பாட்டிக்கு, எனக்கு என்று எல்லோருக்கும் அவள்தான் ஊசி. ஊசி போடும் அன்று, எந்தக் கையில் போடலாம் என்று அவளையே கேட்கும்படி சிஸ்டரிடம் சொன்னேன், இடது கையை நீட்டினாள். அழுதாள்தான். அழட்டும், ஆம்பளைப் பையன் அழலாமா என்று உங்கள் மகனிடமும் யாரும் சொல்ல விடாதீர்கள்.

தண்டையார்பேட்டை அம்மா:
போய் வந்துவிட்டோம். வழியெல்லாம் "சுருக்குன்னா எவ்வளவு?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். எறும்பு கடிப்பதைவிடக் கொஞ்சம் அதிகம் என்று சொன்னேன். ஊசி ஏறியதும் அழுதான், ஆனால் மடியை விட்டு இறங்கி ஓடவில்லை. ராத்திரி லேசாகக் காய்ச்சல், காலையில் விட்டுவிட்டது. அடுத்த ஊசி 10 வயதில்தானாம். இனி வீட்டில் ஊசி மிரட்டல் கிடையாது, மாமியாரிடமும் சொல்லிவிட்டேன். ரொம்ப நன்றி அக்கா, நன்றி அண்ணா.