கொம்பு தனித்து நிற்கும் வழுவை யாரிடம் அறிவிப்பது?

முல்லைத்தீவுக் கூட்டுறவாளர்:
வணக்கம். எங்கள் கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்தவர் பட்டியலைப் பாமினி என்னும் பழைய எழுத்துரு முறையில் இருந்த கோப்புகளிலிருந்து இன்றைய பொதுக் குறிமுறையான யூனிகோடுக்கு மாற்றி, உபுண்டு என்னும் லினக்ஸ் இயங்குதளம் உள்ள கணினியில் லிப்ரே ஒபிஸ் என்னும் அலுவலக மென்பொருள் கொண்டு அச்சிடுகிறோம். மாங்குளம், ஒட்டுசுட்டான் ஆகிய பெயர்கள் சரியாக வருகின்றன. ஆனால் கொக்குத்தொடுவாய், நெடுங்கேணி என்பவற்றின் முதலெழுத்தில் கொம்பு தனியே பிரிந்து, அருகில் புள்ளிவட்டம் ஒன்று தோன்றுகிறது. இதை லிப்ரே ஒபிஸ் திட்டத்துக்கு அறிவிப்பதா, எழுத்துருவை ஆக்கியோருக்கா, உபுண்டுவுக்கா?

வவுனியா லினக்ஸ்:
மூன்று இடங்களுக்கும் ஒரே அறிக்கையை அனுப்பிவிடாதீர்கள். மற்றவர் பார்ப்பார் என்று ஒவ்வொருவரும் விட்டுவிடுவர். 2017 இல் வெளியான 5.3 பதிப்பிலிருந்து லிப்ரே ஒபிஸ் எல்லா இயங்குதளங்களிலும் எழுத்துகளைக் கோப்பதற்கு ஹார்ஃப்பஸ் என்னும் நிரலகத்தையே நம்பியிருக்கிறது. பயர்பொக்ஸ் உலாவியும் அப்படியே. ஆகவே அதே சொல்லை அதே எழுத்துருவில் உலாவியிலும் பாருங்கள். அங்கே சரியாகத் தெரிந்தால் ஐயம் லிப்ரே ஒபிஸ் பக்கம் திரும்பும். இரண்டிலும் பிழைத்து, எழுத்துருவை மாற்றியதும் சீரானால் எழுத்துருவின் மூலக்கோப்புகள் வைக்கப்பட்டுள்ள களஞ்சியத்தில் முறையிடலாம். எதிலும் சரிவராவிட்டால், ஹார்ஃப்பஸ் மீது பழி போடுமுன் அச்சொல்லைப் புதிதாகத் தட்டச்சு செய்து பாருங்கள். அந்த நிரலகத்தில் "கொ" உடைந்திருந்தால் நமக்கு முன்பே ஊர் கூடியிருக்கும்.

மாங்குளத்தான்:
ஒன்றைச் சேர்க்கிறேன். உபுண்டு தரும் மென்பொருள் பொதி பழைய பதிப்பாக இருக்கலாம். மூலத்திட்டத்தின் புதிய பதிப்பில் வழு தீர்ந்திருந்தால் உரிய இடம் உபுண்டுவின் வழுக்களைப் பதியும் லோஞ்ச்பாட் தளமே.

முல்லைத்தீவுக் கூட்டுறவாளர்:
நன்றி அண்ணா. உலாவியிலும் அதே வட்டம்தான். எழுத்துருவை மாற்றியும் போகவில்லை. புதிதாகத் தட்டச்சு செய்த பெயர் மட்டும் ஒழுங்காக நிற்கிறது.

வவுனியா லினக்ஸ்:
அப்படியானால் நீங்கள் கேட்ட மூவரும் பொறுப்பில்லை. பிழை, பாமினியை யூனிகோடாக்க நீங்கள் பயன்படுத்திய மாற்றிக் கருவியில் இருக்கிறது. பாமினியில் கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்துகள் சேமிக்கப்படும். யூனிகோடில் ககரம் முதலிலும் உயிர்க்குறி பின்னரும் வரவேண்டும். உங்கள் மாற்றி அந்த வரிசையைத் திருப்பாமல் விட்டிருக்கிறது.

அந்த மாற்றியின் மூலநிரல், நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் இருந்தால், பலர் நகலெடுத்த கிளைகளும் அங்கே இருக்கக்கூடும். நீங்கள் பயன்படுத்தும் பிரதி எங்கிருந்து வந்தது என்பதையும், அண்மையில் மாற்றங்களை ஏற்று இணைத்தவர் யார் என்பதையும் நிரல் வரலாற்றில் பாருங்கள். முதலில் எழுதியவர் கைவிட்டு, வேறொருவர் பராமரித்துவருவது வழமை. களஞ்சியம் மூடிவைக்கப்பட்டிருந்தால் அங்கே புதிய முறைப்பாட்டைப் பதியவே முடியாது. உயிருடன் உள்ள கிளையைத் தேடவேண்டும். பராமரிப்பாளரின் சொந்த மின்னஞ்சலுக்கு எழுதாமல் வழுப்பட்டியலிலேயே பதியுங்கள், அப்போதுதான் இதே சிக்கலில் இருக்கும் மற்றவர்களும் காண்பார்கள். பாமினியில் இட்ட சொல், கிடைத்த விளைவு, கிடைத்திருக்க வேண்டியது ஆகிய மூன்றையும் எழுதினால் போதும். கொக்குத்தொடுவாய் என்ற ஒரு சொல்லே சான்றுக்குத் தாராளம். அடையாள அட்டை இலக்கங்களுடன் அங்கத்தவர் பட்டியலை இணைத்துவிடாதீர்கள், அந்தப் பக்கத்தை யாரும் பார்க்கலாம்.