ஃபோர்மேனில் டீபக்கர் வேலை செய்யவில்லை, வழி சொல்லுங்கள்

நண்பர்களே, ரெயில்ஸ் (ரூபி வெப் ஃப்ரேம்வொர்க்) ப்ராஜெக்ட் ஒன்றில் வெப் சர்வர், சைட்கிக் (பின்னணி வேலைகளை ஓட்டுவது), ரெடிஸ் (அதற்கான டேட்டா ஸ்டோர்), சிஎஸ்எஸ் வாட்ச்சர் நான்கையும் ப்ராக்ஃபைல் என்ற பட்டியலில் எழுதி, அவற்றைச் சேர்த்து ஓட்டும் டூலான ஃபோர்மேனில் ஓட்டுகிறேன். ஒரே கமாண்டில் எல்லாம் எழுந்துவிடுவது வசதிதான். ஆனால் கோடை நடுவில் நிறுத்திப் பார்க்க பிரேக்பாயின்ட் வைத்தால் டீபக்கர் ப்ராம்ப்ட் வருகிறது, நான் டைப் செய்வது அதற்குப் போய்ச் சேர்வதில்லை. நடுவே சைட்கிக் லாக் வேறு வந்து விழுகிறது. அப்புறம், வாட்ச்சர் நின்றால் ஃபோர்மேன் மற்ற மூன்றையும் சேர்த்தே நிறுத்திவிடுகிறது. இது என்ன நியாயமோ!

ஃபோர்மேனுக்கு மாற்றான ஓவர்மைண்ட் எல்லாவற்றையும் டிமக்ஸுக்குள் (ஒரே டெர்மினலில் பல செஷன்களை வைக்கும் டூல்) ஓட்டுவதால், 'ஓவர்மைண்ட் கனெக்ட் வெப்' என்று கொடுத்து நேரே உள்ளே போகலாம், ஒன்றை மட்டும் ரீஸ்டார்ட் செய்யலாம் என்று தெரியும். டபிள்யூஎஸ்எல்லில் (விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸ்) அதை அன்றாடம் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறீர்களா? கன்ட்ரோல் சி அழுத்தியதும் எல்லாம் ஒழுங்காக அடங்குகிறதா, இல்லை 3000 போர்ட்டைப் பிடித்துக்கொண்டு ஏதாவது மிச்சம் நிற்கிறதா? டாக்கர் வேண்டாம், 8 ஜிபி ரேம்தான்.